பீரோவைக் கடைசியாகப் பார்த்த நேரம்

மார்ச் 2

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

அப்பா எழுதும் ஏழாவது வார அறிக்கை. இங்கே நான் சுகம். பீரோ என்னைவிட இரண்டு பங்கு சுகம். கிடங்கு எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன், பதினாறு கிலோ முந்நூறு. மூட்டை தூக்குபவர் அதைத் தூக்கி நகர்த்தப் பார்த்துவிட்டு, "என்ன சார், உள்ள கல்லு வெச்சுத் தெச்சிருக்கா?" என்றார்.

போனில் பேசினால் நான் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவேன், அதனால் எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சுரங்கப்பாதை தோண்டும் அந்த மலைக்குப் பின்னால் போனும் எடுப்பதில்லை என்பது உனக்கு ஒரு வசதி. நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன். இத்தனை கடிதம் எழுத வேண்டிவரும் என்று தெரிந்திருந்தால் ஏழாம் வகுப்போடு நின்றிருப்பேன்.

அம்மா உன் அண்ணன் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஆகவே வீட்டில் நானும் உன் நாயும், இரண்டு பேர். காலையில் நான் தீவனக் கிடங்குக்குக் கிளம்பினால் அதுவும் கிளம்புகிறது. அதன் பதிவுச் சீட்டில் நீ எழுதியிருக்கும் பெயர் ஒரு முழம் நீளம். முன்னங்கால் இரண்டும் வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, பழைய பீரோவின் கால் மாதிரி இருக்கிறதே என்று நான் பீரோ என்றேன். அது திரும்பிப் பார்த்தது. அதோடு விஷயம் முடிந்தது. முதுகு வேறு கழுத்திலிருந்து வால் பக்கம் மேடேறுகிறது, பின் சக்கரத்துக்கு மட்டும் ஜாக்கி வைத்த வண்டி போல. மேலே தேங்காய் நார், உள்ளே பஞ்சு. கோதுமை நிறம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து அந்தத் தாடியை என் வேட்டியில்தான் துடைக்க வேண்டுமாம்.

வாசலில் லாரி வந்தால் ஒரே ஒரு குரைப்பு. லாரிக்காரர் இறங்க யோசிப்பார். இறங்கினால் முழங்காலுக்கும் கீழே இது நிற்கும். "இதுவா சத்தம் போட்டுச்சு? பெரிய நாய் எங்க?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடுவார்.

கிடங்கில் எலி பெருத்துவிட்டது. பதினொன்றாம் தேதி சுகாதார அதிகாரி பார்வையிட வருகிறார். முதலாளியம்மா நேற்று எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தராவது வேலை செய்யுங்க" என்றார். பீரோ எழுந்து போய்விட்டது. நான்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீ எழுதிக் கொடுத்த பதினோரு பக்க நோட்டு சமையலறைக் கதவில் தொங்குகிறது. சாப்பாட்டுப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

அப்பா


மார்ச் 5

அப்பாவுக்கு,

எடை அதிகம். நீங்கள் குடிக்கும் டீயோடு அதற்கும் பிஸ்கட் போகிறது என்று தெரிகிறது. நிறுத்துங்கள்.

எலி பிடிக்கட்டும் என்று யாரும் அதை உசுப்பிவிட வேண்டாம். நீங்கள் அதைப் பொம்மை மாதிரி எழுதுகிறீர்கள். அயர்லாந்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. கிளென் ஆஃப் இமால் என்பது அந்த இடத்தின் பெயர், இந்த நாய் வகைக்கும் அதே பெயர். கல்லும் சரிவுமான நிலம். போரில் சண்டை போட்டதற்குக் கூலியாக அந்த நிலத்தை வாங்கிக்கொண்ட சிப்பாய்கள் குடியேறியதாகச் சொல்கிறார்கள். அங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிட மனிதனுக்கே இடமில்லை, நாய்க்கு எங்கே? நரி, எலி, வளைக்கரடி எல்லாவற்றின் வளைக்குள்ளும் இறங்கி மல்லுக்கு நின்ற சாதி இது. தரையோடு தரையாக உடம்பு, பக்கவாட்டில் மண்ணைத் தள்ள வளைந்த கால். நீங்கள் சிரிக்கும் ஒவ்வொன்றும் அதன் வேலைக்கருவி.

தானாக வம்புக்குப் போகாது. சீண்டிவிட்டால் நிறுத்தவும் தெரியாது. வருடத்துக்கு உலகம் முழுவதும் சில நூறு குட்டிகள்தான் பிறக்கின்றன. இரண்டு வருடம் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்து வாங்கினேன். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்டை முழுக்கப் படியுங்கள்.

மகள்


மார்ச் 12

அன்புள்ள மகளுக்கு,

முதலில் ஒன்று, பதறாதே. பீரோ திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். திங்கள் மதியம் தீவன லாரி உள்ளே வந்தது, கேட் திறந்தே கிடந்தது. தெருவில் பூனை எதையாவது பார்த்திருக்கும், குரைத்துக்கொண்டே துரத்திப் போயிருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போய்விடப் போகிறது? பேருந்து ஏறினால்தான் உண்டு.

இரண்டு நாளாக நாலு தெரு சுற்றிவிட்டேன். சலூன், மருந்துக்கடை, பள்ளிக்கூட வாசல் எல்லா இடத்திலும் படம் ஒட்டியிருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரர், "பாதி படம்தான் வந்திருக்கு சார், கால் வரல" என்றார். இதுதான் முழு நாய் என்று விளக்கவே பத்து நிமிஷம் ஆனது. ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அது நமக்கு நல்லதுதானே.

அதிகாரி வந்து போனார். கிடங்கு சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு வாரத்தில் நடந்த ஒரே நல்ல காரியம்.

வந்துவிடும். நீ அங்கே வேலையைப் பார்.

அப்பா


மார்ச் 14

அப்பாவுக்கு,

"வந்துவிடும்." எனக்கு ஒன்பது வயதில் இதே வார்த்தையைச் சொன்னீர்கள். நம் பழைய நாய் கறுப்பி, கேட் திறந்திருந்தபோது ஓடிவிட்டது, வந்துவிடும் என்றீர்கள். ஒரு மாதம் தினமும் பள்ளி விட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். தினமும் என்னைச் சிரிக்க வைத்தீர்கள். பதினேழு வயதில் அண்ணன் சொல்லித்தான் தெரியும், அதை நீங்களே ஒரு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினீர்கள் என்று.

இப்போதும் கேட். இப்போதும் லாரி. கதையையாவது மாற்றியிருக்கலாம்.

குரைத்துக்கொண்டே பூனையைத் துரத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். பீரோவைத் தெரியாதவர்கள் சொல்லும் பொய் இது. வாசலில் ஆள் வந்தால் குரைக்கும். வேட்டை என்று வந்துவிட்டால் வாயே திறக்காது. அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு நாய்களுக்குச் சோதனை வைப்பார்கள். வளைக்கரடியின் குழிக்குள் இறக்கிவிடுவார்கள். உள்ளே போய்க் குரைத்த நாய் தோற்றது. சத்தமே இல்லாமல் நின்று பிடிப்பதுதான் ஜெயிக்கும். அப்படிப் பொறுக்கி எடுத்து வளர்த்த வம்சம். நோட்டில் ஏழாம் பக்கம் இது. நீங்கள் படிக்கவில்லை.

முதலாளியம்மா நாய் வேண்டாம் என்றாரா? அதிகாரி வருகிறார் என்று யாரிடமாவது கொடுத்துவிட்டீர்களா? திட்டமாட்டேன். யாரிடம் என்று மட்டும் சொல்லுங்கள், நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து மணி வாரியாக எழுதுங்கள். பீரோவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன. ஒரு வரிகூட வேடிக்கையாக இருக்கக் கூடாது.

மகள்


மார்ச் 16, ஞாயிறு

மகளுக்கு,

வேடிக்கை இல்லாமல் எழுதுகிறேன். பழக்கம் இல்லை, பொறுத்துக்கொள்.

கறுப்பி விஷயம் உண்மை. அப்போது இருந்த வீட்டுக்காரர் நாயா வீடா என்று கேட்டார். உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஓடிவிட்டது என்று சொல்வது சுலபமாக இருந்தது. நீ அழாமல் இருக்க வேடிக்கை காட்டினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைக் கேள்வி கேட்காமல் இருக்கக் காட்டியிருக்கிறேன் என்று நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றுகிறது.

பீரோவை யாரிடமும் கொடுக்கவில்லை. இனி திங்கட்கிழமை.

காலை எட்டு. இருவரும் கிடங்கு போய்ச் சேர்ந்தோம்.

ஒன்பதரை. முதலாளியம்மா வந்து, நாளை அதிகாரி வருவதற்குள் எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் பழைய வடிகால் குழாயை அடைத்துவிட வேண்டும் என்றார். இப்போது உபயோகத்தில் இல்லாத குழாய். தரைக்கடியில் போய் முற்றத்துப் பக்கம் முடிகிறது, அந்த முனையில் இரும்பு வலை உண்டு. வாய் ஒன்றரை அடி அகலம். எலி எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வருகிறது. கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன்.

பன்னிரண்டரை. சாப்பாடு. பீரோவுக்கும் கொடுத்தேன். ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன்.

இரண்டே கால். பீரோ எடைமேடை ஓரம் படுத்திருந்தது. கண் மூடவில்லை. குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

இரண்டரை. லாரி வந்தது. கேட்டைத் திறந்தேன். ஐம்பது மூட்டை எண்ணி இறக்கினோம். இப்போது யோசித்தால், அன்று லாரி வந்தபோது பீரோ குரைக்கவில்லை.

மூன்றரை. கொத்தனார் வந்தார். பூசுவதற்கு முன்னால் குழாய் வாயில் காது வைத்துக் கேட்டேன். ஒரு வாரமாகக் கீச்சுக் கீச்சென்று கிடந்த குழாய், அன்று உள்ளே ஒரு சின்னச் சத்தம் இல்லை. "எலி எல்லாம் ஓடிடுச்சு, பூசுங்க" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று அவர் பூசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஏன் சத்தம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ எழுதின அந்த ஏழாம் பக்கம்


மார்ச் 18, காலை

அப்பா,

கடிதம் பாதியில் நிற்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அடுத்த தாள் இருக்கிறதா என்று உறையைக் கிழித்துப் பார்த்தேன்.

இங்கே வயர்லெஸ் இருக்கிறது. விபத்துக்கு மட்டும்தானாம். "நாய்க்கெல்லாம் முடியாதும்மா" என்றார் முகாம் அதிகாரி. கெஞ்சினேன். முடியாது என்றால் முடியாது. தபால் பை கொண்டுபோகும் ஜீப் நாளைக் காலைதான். இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாமே ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன், சும்மா இருக்க முடியவில்லை.

உடைத்திருப்பீர்கள். உடைக்காமல் இருந்தால் இந்த நிமிஷம் போங்கள். குரைக்கும் என்று காத்திருக்காதீர்கள். கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்காதீர்கள். இங்கே மண் சரிந்தால் இரண்டு பக்கமும் தோண்டுவோம், அதே மாதிரி முற்றத்துப் பக்கமும் திறங்கள்.

நீங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை என்று இப்போது நம்புகிறேன். கொடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

மகள்


மார்ச் 18, மாலை

அன்புள்ள மகளுக்கு,

பீரோ உயிரோடு இருக்கிறது. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ வரிகளைத் தாண்டிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை மேஜையில் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கதவைக்கூடச் சாத்தவில்லை. உறையில் விலாசம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து பார்த்து, பாவம் மறந்துவிட்டார் என்று மடித்து உறையில் போட்டு, திங்கட்கிழமை ஜீப்புக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல மனசு. நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

கொத்தனாரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிப்போனேன். திங்கட்கிழமை பூசியதை உடைக்க அரைமணி ஆனது, நன்றாகத்தான் பூசியிருந்தார். உள்ளே டார்ச் அடித்தால் நாலடிக்குப் பிறகு குழாய் வளைகிறது. அதற்கு மேல் தெரியவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. முற்றத்து வலையைக் கழற்றினோம், அந்தப் பக்கம் மண் சரிந்து அடைத்திருந்தது.

கொத்தனார் தயங்கினார். "ஆறு நாளாச்சு சார். உயிரோட இருந்தா ஒரு குரலாவது குடுத்திருக்குமே."

"குடுக்காது."

"நாய் எங்கயாவது சத்தம் போடாம இருக்குமா?"

"இது இருக்கும். அதுக்குத்தான் இதை வளர்த்திருக்காங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். பிறகு சாக்கடை குத்தும் நீளப் பிரம்பை எடுத்து வந்தார். உள்ளே விட்டுத் தள்ளினோம். பதினோரு அடியில் மெத்தென்று எதிலோ முட்டியது. நான் கையை எடுத்துவிட்டேன். எலியோ, மண்ணோ, வேறெதுவோ, தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. கொத்தனார்தான் பிரம்பை வெளியே இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"சார், இங்க வாங்க. இதைப் பிடிங்க."

பிடித்தேன். மறுமுனையை எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

பிரம்பை அளந்து தரையில் கோடு போட்டு அங்கே உடைத்தோம். மண்ணுக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, திரும்பவும் முடியாமல் இருந்தது. முற்றத்துக் குழாயடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்திருக்கிறது, அதை நக்கித்தான் இருந்திருக்கும் என்கிறார் மாட்டு டாக்டர். வெளியே தூக்கும்போதும் வாயில் பிரம்பு இருந்தது. முன்னங்கால் நகம் எட்டும் தேய்ந்து சதை தெரிகிறது. ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. பன்னிரண்டு கிலோ அறுநூறு. இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். இன்று காலை கஞ்சி குடித்தது. கண் தப்பிக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, தப்பிக்காது என்றும் சொல்லவில்லை.

ஏழாம் பக்கத்தை ஜனவரியிலேயே படித்திருந்தால் இத்தனையும் இல்லை. எனக்குச் சாப்பாட்டுப் பக்கம் போதும் என்று இருந்துவிட்டேன்.

அப்பா


மார்ச் 21

அப்பாவுக்கு,

முதல் வரியில் எழுதியதற்கு நன்றி. ஜீப் பக்கத்திலேயே நின்று படித்தேன். டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். முப்பதாம் தேதி இரண்டு நாள் விடுப்பில் வருகிறேன், திரும்பும்போது பீரோவை அழைத்துப் போகிறேன். முகாமில் வைத்துக்கொள்ள முடியாது. என்னோடு வேலை செய்கிறவளின் அக்கா வழியிலிருக்கும் ஊரில் இருக்கிறார். சுற்றுச்சுவர் வைத்த வீடு, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், நாய் வளர்த்துப் பழகியவர்கள். பேசிவிட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் எல்லாம் அந்தப் பாதிக் கடிதத்தோடு போய்விட்டது. இது பயம். வேலையில் நிற்கும்போது குழாய் கண்ணில் பட்டால் அளவை விட்டுவிட்டு அதில் காது வைத்துக் கேட்கிறேன். அளவு எடுக்கிற வேலையில் கவனம் சிதறக் கூடாது.

வாதாட வேண்டாம்.

மகள்


மார்ச் 25

அன்புள்ள மகளுக்கு,

வாதாடவில்லை. நீ சொல்வதுதான் சரி. மருந்து, கிண்ணம், பதிவுச் சீட்டு எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்துவிட்டேன். கண் திறந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் சிமிட்டுகிறது, பார்வை இருக்கிறது என்று டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். எடை பதிமூன்றே முக்கால். பிஸ்கட் இல்லாமல் ஏறிய எடை.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உடைத்த தரையை மூடியாக வேண்டும், மூட்டை சுமப்பவர்கள் கால் தவறி விழுவார்கள் என்று முதலாளியம்மா நாலு தடவை சொல்லிவிட்டார். கொத்தனார் வந்து கலவையைக் குழைத்தார். பீரோவைக் கூட்டிப்போயிருந்தேன், வீட்டில் தனியாக விட மனமில்லை. நகம் இன்னும் முளைக்கவில்லை, நொண்டிக்கொண்டு நேராக அந்தக் குழிக்குத்தான் போனது. விளிம்பில் நின்று தலையை உள்ளே விட்டு மோப்பம் பிடித்தது. ஆறு நாள் பட்டது அதற்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. பாதியில் விட்டு வந்த வேலை மட்டும் நினைவிருந்தது.

தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"வீட்ல கட்டிப் போட்டுட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் கொத்தனார்.

"வீட்ல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கணும். இங்கன்னா இருக்குன்னு தெரியும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்து என் மடியில் இருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பூச ஆரம்பித்தார். பூசி முடித்துப் போய்விட்டார். காயட்டும் என்று உட்கார்ந்தேன். கையைத் தளர்த்தினால் இறங்கப் பார்க்கிறது. மூன்று மணி நேரம். முதலாளியம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். லாரி ஒன்று வந்தது, மூட்டையை மடியில் நாயோடு உட்கார்ந்தபடியே எண்ணினேன், நாற்பத்தெட்டு. எழுந்தபோது இரண்டு காலும் என்னுடையதாக இல்லை. மூட்டை தூக்குபவர்தான் என்னை நிமிர்த்தினார். அவர் கேட்டாரே என்று சொல்கிறேன், உள்ளே கல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதினோரு பக்கமும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் நீந்தத் தெரியாது, உடம்பு கனம், கால் குட்டை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். அந்த அக்கா வீட்டில் கிணறோ தொட்டியோ இருந்தால் மூடி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள். அவர்களிடம் நோட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. படிக்கச் சொல்லி, முன்னால் உட்கார்ந்து கேள்.

முப்பதாம் தேதி காலையிலேயே வந்துவிடுவாயா?

அப்பா


மார்ச் 27

அப்பாவுக்கு,

மதியத்துக்குள் வந்துவிடுவேன். அந்த அக்கா வீட்டில் கிணறு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மூடி இருக்கிறதா என்றேன். "நாய்தானே, அதுக்கே தெரியும்" என்றாராம் அக்கா.

ஜீப்பில் பீரோவின் கூடைக்கென்று பின்பக்கம் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை அலுவலகத்துக்குப் போய் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முகாம் சமையற்காரர் அதில் ஏறிக்கொள்கிறாராம். அந்தப் பையைப் பிரித்து, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

மகள்